ஓவியத்தைப் பார்த்துச் செய்த நாய்

இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸின் பிள்ளைகள் ஐந்து பேரை 1637இல் வான் டைக் ஒரே சட்டத்துக்குள் வரைந்தார். நடுவில் ஏழு வயது இளவரசன், பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆகப்போகிறவன், ஒரு பெரிய மாஸ்டிஃப் நாயின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். படத்தைப் பார்க்கிறவர் கண் முதலில் அந்தக் கையிலும் அந்த நாயிலும்தான் போய் விழும். வலது ஓரத்தில், தங்கைகளின் பக்கத்தில் இன்னொரு நாய் இருக்கிறது. தொங்கு காது, பட்டு மாதிரி முடி, வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டு, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும் அளவு. அதன் மூக்கைக் கவனியுங்கள். எடுப்பாக, நீளமாக இருக்கிறது.

அந்த மூக்கு பிறகு காணாமல் போனது. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து ஓர் அமெரிக்கர் பரிசுப் பணம் வைத்து அதைத் தேடினார். கிடைத்தது. மூக்கு கிடைத்த கதைக்குள்தான் இதயம் கெட்ட கதையும் இருக்கிறது.

இன்று அந்த நாயின் வாரிசாக உலவும் இனத்துக்கு காவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்று பெயர். ஆங்கில உச்சரிப்பைப் பார்த்தால் ‘கேவலியர்’ என்று எழுத வேண்டும். ‘கேவலம்’ வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் காவலியர் என்றே வைத்துக்கொள்கிறேன். இதிலும் ஒரு சங்கடம். காவலுக்கும் இந்த நாய்க்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. வாசலில் யார் வந்தாலும், பால்காரரானாலும் பூட்டை உடைக்க வந்தவனானாலும், மாப்பிள்ளை வந்த மாதிரி வரவேற்பு கொடுக்கும். காவலியர் என்பது 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் மன்னர் கட்சிக்காரர்களுக்கு வழங்கிய பெயர். குதிரைவீரன் என்பது அதன் பழைய பொருள்.

எடை 5.4 முதல் 8 கிலோ வரை. உயரம் ஓர் அடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. நிறங்கள் நான்குதான்: வெள்ளையில் செம்பழுப்புத் திட்டு போட்ட பிளென்ஹைம், கறுப்பு வெள்ளை பழுப்பு மூன்றும் கலந்த மூவண்ணம், முழுச் செந்நிறமான ரூபி, கறுப்பில் புருவத்துக்கு மேல் பழுப்புப் பொட்டு வைத்த கறுப்பு-பழுப்பு. கண் பெரியது, உருண்டையானது, பக்கவாட்டில் ஒதுங்காமல் நேரே நம்மைப் பார்ப்பது. ஸ்பானியல்கள் புதருக்குள் புகுந்து பறவைகளைக் கிளப்பிவிடும் வேட்டை நாய்கள். அந்த ரத்தம் இதனிடமும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. புறா, பட்டாம்பூச்சி, போகிற சைக்கிள் எதைக் கண்டாலும் துரத்தும். அவ்வளவுதான் வீரம். பிறகு மடிக்கு வந்துவிடும். தனியாக விட்டுவிட்டுப் போனால் தாங்காது.

இந்தக் குணம் தற்செயலாக வந்ததில்லை. ஆட்டுநாயை மந்தை மடக்கத் தேர்ந்தெடுத்தார்கள், வேட்டைநாயை ஓட்டத்துக்கும் மோப்பத்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள். இந்தக் குட்டை ஸ்பானியலுக்கு இருந்த ஒரே வேலை மனிதர் மடியில் இருப்பது. சிடுசிடுத்த குட்டி, கடித்த குட்டி, கிட்டே வராத குட்டி எதுவும் அரண்மனைப் பெண்களின் மடியில் தங்கியிருக்காது. தங்காதது குட்டி போட்டிருக்காது. பத்து இருபது தலைமுறை இப்படிப் போனாலே போதும். இங்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் போயிருக்கின்றன. எலிசபெத் அரசி காலத்து மருத்துவர் ஜான் கேயஸ் 1570இல் ஆங்கிலேய நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் இந்த மடி நாய்க்கும் இடம் உண்டு. வயிற்றில் நோவு உள்ளவர்கள் இதை அணைத்து வைத்துக்கொண்டால் சூட்டில் வலி குறையும் என்ற நம்பிக்கையை அவர் குறிப்பிடுகிறார். 1576இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அதற்கு ‘ஆறுதல் தருவது’ என்ற பொருளில் ஒரு பெயரே இருக்கிறது. வெந்நீர்ப் பைக்கு முன்னோடி என்று சொல்லலாம்.

ஓவியத்தில் நின்ற சிறுவன் வளர்ந்தான். அப்பாவின் தலை வெட்டப்பட்டது, பிள்ளை நாட்டைவிட்டு ஓடினான், 1660 மே மாதம் அரசனாகத் திரும்பிவந்தான். அந்தக் கப்பல் பயணத்தில் உடன் இருந்த சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் ஒரு சம்பவத்தை எழுதிவைத்திருக்கிறார். கரையிறங்கும்போது அரசனுக்குப் பிரியமான நாய் ஒன்று பீப்ஸ் இருந்த படகில் ஏற்றப்பட்டது. அது படகிலேயே மலம் கழித்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அரசனும் அவனைச் சேர்ந்தவையும் மற்றவர்களைப் போலத்தான் என்று பீப்ஸுக்கு அப்போது தோன்றியதாம். ஏழு ஆண்டு கழித்து, 1667 செப்டம்பரில், மந்திரிசபையில் அரசன் காரியத்தைக் கவனிக்காமல் நாயோடு விளையாடிக்கொண்டே இருந்ததைப் பார்த்து இதே பீப்ஸ் சலித்துக்கொள்கிறார்.

இன்னொரு நாட்குறிப்பாளரான ஜான் ஈவ்லின், அரசன் 1685இல் இறந்தபோது எழுதியதில் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். படுக்கையறையிலேயே நாய்கள் குட்டி போட்டுப் பாலூட்டிக்கொண்டிருந்தனவாம், அரண்மனையே நாறியதாம். ‘கிங் சார்லஸ்’ என்ற பெயர் நாய்க்கு ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. இந்த நாயைப் பாராளுமன்றம் உட்பட எந்தப் பொதுக் கட்டடத்துக்குள்ளும் தடுக்கக் கூடாது என்று சார்லஸ் சட்டம் போட்டதாக ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. அப்படி ஒரு சட்டம் எந்த ஏட்டிலும் இல்லை.

1689இல் வில்லியமும் மேரியும் ஆட்சிக்கு வந்தார்கள். வில்லியம் ஹாலந்துக்காரர், அங்கே செல்ல நாய் என்றால் பக். நம்மூரில் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனுக்குப் பின்னாலேயே ஓடி வந்து பிரபலமானதே, அதே சப்பை மூக்கு நாய். அரசரின் நாய் ஊருக்கெல்லாம் மோஸ்தர் ஆனது. ஸ்பானியலோடு பக்கைக் கலந்தார்கள் என்பதுதான் பரவலான கருத்து. கலந்தபின் ஒவ்வோர் ஈற்றிலும் இருப்பதிலேயே குட்டை மூக்குக் குட்டியை எடுத்து வளர்த்தார்கள். விக்டோரியா அரசிக்குச் சிறுமியாக இருந்தபோது டாஷ் என்ற மூவண்ண ஸ்பானியல் இருந்தது. 1838 ஜூன் 28 அன்று முடிசூட்டு விழா முடிந்து வந்த கையோடு அவர் செய்த வேலைகளில் ஒன்று டாஷைக் குளிப்பாட்டியது. டாஷுக்கு ஓரளவு மூக்கு இருந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதுவும் போய், உச்சந்தலை ஆப்பம் மாதிரி உப்பி, இரண்டு கண்ணுக்கும் நடுவில் மூக்கு அழுந்திய முகமாக ஆகிவிட்டது.

மூக்கு குட்டையாவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? மேல்தாடை எலும்பின் வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடுகிறது. ஆனால் அதன்மேல் போர்த்த வேண்டிய தோல், உள்ளே அண்ணம், நாக்கு ஆகியவை அதே விகிதத்தில் குறைவதில்லை. சின்ன மெத்தைக்குப் பெரிய உறை போட்டது மாதிரி மடிப்பு விழுகிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு எஸ்.எம்.ஓ.சி.2 என்ற மரபணுவைச் சுட்டியது. மரபுத்தொகுதிக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று இதற்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டால் மரபணுவின் வேலை மட்டுப்படுகிறது, முகம் சுருங்குகிறது. நாய்களின் முக நீளத்தில் காணும் வேறுபாட்டில் 36 சதவீதம் வரை இந்த ஓர் இடத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்றார்கள். ஆனாலும் பழைய மூக்குக்கான மரபுச்சரக்கு ஒரேயடியாக அழிந்துவிடவில்லை. அங்கே ஒன்று இங்கே ஒன்றாக நீள மூக்குக் குட்டிகள் பிறந்துகொண்டே இருந்தன. வளர்ப்பவர்கள் அவற்றைக் கழிசடை என்று ஒதுக்கினார்கள்.

1926இல் ரோஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர் இங்கிலாந்து வந்தார். பழைய ஓவியங்களில் பார்த்த ஸ்பானியலை வாங்கிப்போக வேண்டும் என்று ஆசை. எங்கே பார்த்தாலும் சப்பை மூக்கு. கடுப்பாகி, கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் ஒரு பரிசு அறிவித்தார். இரண்டாம் சார்லஸ் காலத்துப் படங்களில் உள்ள மாதிரி நீண்ட முகம், தட்டையான மண்டை, நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்குமிடத்தில் பள்ளம் கூடாது, உச்சியில் ஒரு பொட்டு. இப்படி வரும் ஆண் ஒன்றுக்கும் பெண் ஒன்றுக்கும் தலா 25 பவுண்டு. அந்தக் காலத்துக்கு அது நல்ல தொகை. பெரிய வளர்ப்பாளர்கள் இதைக் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பாடுபட்டு ஒழித்த மூக்குக்குப் பரிசா?

உச்சியில் பொட்டு என்றேனே, அதற்கும் ஒரு கதை உண்டு. 1704இல் பிளென்ஹைம் போர் நடந்தபோது, தளபதி மார்ல்பரோ பிரபுவின் மனைவி சேரா சேதி வராத தவிப்பில் மடியில் இருந்த சினை நாயின் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தாராம். பிறந்த குட்டிகள் எல்லாவற்றுக்கும் தலையில் கட்டைவிரல் அளவு செம்பொட்டு. அழுத்திப் பொட்டு வைக்க முடியாது என்று நமக்குத் தெரியும். வெள்ளைத் திட்டு எங்கெங்கே விழும் என்பது நிறமிச் செல்கள் கருவில் பரவும் விதத்தைப் பொறுத்தது. ஆனால் பரிசு விதியில் இடம்பிடிக்கும் அளவுக்கு அந்தப் பொட்டு மதிப்புப் பெற்றிருந்தது.

எல்ட்ரிட்ஜ் 1928இல் இறந்துபோனார். அதே ஆண்டு கிரஃப்ட்ஸில் ஆன்ஸ் சன் என்ற நாய் அவருடைய 25 பவுண்டை வென்றது. கண்காட்சியின் இரண்டாம் நாள் ஆர்வலர்கள் சிலர் கூடிச் சங்கம் தொடங்கினார்கள். காவலியர் என்ற பெயர் அங்கேதான் வைக்கப்பட்டது. இனத்துக்கு இலக்கணம் எழுத வேண்டும். மேசைமேல் ஆன்ஸ் சன் நிறுத்தப்பட்டது. 16, 17, 18ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை உறுப்பினர்கள் கொண்டுவந்திருந்தார்கள். நாயைப் பார்ப்பது, படத்தைப் பார்ப்பது, எழுதுவது. நெற்றி இறங்கும் இடத்திலிருந்து மூக்கு நுனிவரை சுமார் 3.8 சென்டிமீட்டர். முடியைக் கத்தரிக்கக் கூடாது, செயற்கையாக எதையும் மாற்றக் கூடாது என்றும் விதி வைத்தார்கள். உயிருள்ள ஒரு விலங்கின் அளவுகோலாக ஓவியத்தை வைத்த இப்படியொரு கூட்டத்தை வேறெங்கும் நான் படித்ததில்லை.

நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கெனல் கிளப் 1945இல் காவலியரைத் தனி இனமாக ஏற்றது. நடுவில் போர். உணவுப் பங்கீட்டில் மனிதருக்கே அளந்துதான் கிடைத்தது, நாய்க்கு எங்கே போவது? சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிட் அம்மையாரின் பண்ணையில் அறுபது நாய் இருந்த இடத்தில் மூன்று மிஞ்சியது. இன்றுள்ள காவலியர்களின் கொடிவழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் ஆறே நாய்களில் போய் முடிகிறது என்பார்கள்.

இதன் பொருளை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் கல்யாணம் என்றால் டாக்டர் ஏன் முகம் சுளிக்கிறார் என்று தெரிந்தவர்கள் நாம். ஒவ்வோர் உயிரிடமும் பழுதான மரபணுக்கள் சில இருக்கும். எதற்கும் இரண்டு பிரதி உண்டு என்பதால் ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துவிடும். ஒரே பாட்டனிடமிருந்து அதே பழுது அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வந்துவிட்டால் சமாளிக்க ஆள் இல்லை. இனப்பதிவேட்டின் விதியோ, பதிவான தாய்க்கும் பதிவான தந்தைக்கும் பிறந்தது மட்டுமே இனம் என்கிறது. கதவு சாத்தியாகிவிட்டது. உள்ளே இருக்கிற ஆறு பேரின் பேரன் பேத்திகளுக்குள்ளேயேதான் பெண் கொடுப்பதும் எடுப்பதும். இதில் கோப்பை வென்ற ஆண் நாய்க்குக் கிராக்கி அதிகம், ஒரே தகப்பனுக்கு ஏராளம் பிள்ளைகள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2021இல் எட்டு இனங்களின் மரபுத்தொகுதியை ஒப்பிட்டபோது, தீங்கு செய்யக்கூடிய மாறுபாடுகள் காவலியரிடம்தான் அதிகம் குவிந்திருந்தன. இதயத்தசையோடு தொடர்புடைய என்.இ.பி.எல். என்ற மரபணுவின் அருகிலும் இரண்டு மாறுபாடுகளைக் கண்டார்கள்.

இதயத்தில் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஈரிதழ் வால்வு இருக்கிறது. இரண்டு மெல்லிய இதழ்கள், கதவு மாதிரி. கீழறை சுருங்கி ரத்தத்தை உடம்புக்குத் தள்ளும்போது இறுக மூடிக்கொள்ள வேண்டும். காவலியருக்கு இந்த இதழ்கள் நாளாவட்டத்தில் தடித்து, முண்டு முண்டாகி, ஓரம் சுருண்டு, மழைக்கு ஊதிப்போன மரக்கதவு போல் சரியாகப் பொருந்தாமல் போகின்றன. இடுக்கு வழியே ரத்தம் பின்னோக்கி ஒழுகுகிறது. ஸ்டெதஸ்கோப்பை இடது விலாவில் வைத்தால் ‘லப்-டப்’ என்று இரண்டு துண்டாகக் கேட்க வேண்டியது ‘லஷ்ஷ்ஷ்-டப்’ என்று இழுபடும். அதுதான் முணுமுணுப்பு. மேலறை வீங்குகிறது, மூச்சுக்குழல் கிளையை அழுத்துகிறது, இருமல் வருகிறது, கடைசியில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. மற்ற சிறு நாய்களுக்கு இது கிழட்டு நோய். காவலியர்களில் ஐந்து வயதிலேயே ஏறக்குறையப் பாதிக்கு முணுமுணுப்பு கேட்கிறது. பத்து வயதில் கேட்காத நாய் அபூர்வம்.

இதை ஏன் களைய முடியவில்லை? வயதுதான் காரணம். நாய் இரண்டு வயதில் குட்டி போட்டுவிடுகிறது. முணுமுணுப்பு ஐந்தில் வருகிறது. தாயின் இதயம் கெட்டது தெரியவரும்போது பேத்தியே பிறந்திருப்பாள். ஸ்டெதஸ்கோப் 1816இலேயே வந்துவிட்டது. எல்ட்ரிட்ஜின் பரிசுக்கு நாயைக் கொண்டுவந்த யாரும் அதை வைத்துப் பார்க்கவில்லை. முகம், மண்டை, மூக்கு, பொட்டு. கண்ணுக்குத் தெரிந்தவற்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அவை வந்தன. மருந்து இல்லாமல் இல்லை. 2016இல் வெளியான எபிக் ஆய்வில் 360 நாய்களைச் சோதித்தார்கள். இதயம் வீங்கி, ஆனால் இன்னும் இரைப்பு வராத நாய்களுக்கு பிமோபெண்டான் கொடுத்தால் இதயம் திணறும் கட்டம் சுமார் 15 மாதம் தள்ளிப்போகிறது. நாயின் ஆயுளில் 15 மாதம் சிறிய கணக்கில்லை. ஆனால் அது வளர்ப்பவருக்கு ஆறுதல். இனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு கோளாறு மண்டையில். மண்டையோட்டின் பின்புறம் குறுகலாக அமைந்துவிட, சிறுமூளை இடம் போதாமல் கீழ்த் துளை வழியே பிதுங்குகிறது. மூளையைச் சுற்றி ஓடும் நீரின் போக்கு தடைபட்டு, தண்டுவடத்துக்குள் குழிவு குழிவாக நீர்ப்பைகள் உண்டாகின்றன. கடும் வலி. ஆனால் பார்ப்பவருக்கு அது வேடிக்கையாகத் தெரியும். கழுத்துப்பட்டை மாட்டி நடைக்கு அழைத்துப்போகும்போது நாய் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து, பின்னங்காலைத் தூக்கித் தோள்பட்டைப் பக்கமாக வீசி வீசிச் சொறியும். உற்றுப் பார்த்தால் நகம் தோலில் படாது. காற்றைச் சொறிந்துகொண்டே இரண்டடி நடக்கும். தெள்ளுப்பூச்சி என்று நினைத்துச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிய வீடுகள் எத்தனையோ. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். 2008இல் பிபிசி காட்டிய ஓர் ஆவணப்படத்தில் இந்த வலியில் துடிக்கும் காவலியரைப் பிரிட்டன் முழுக்கப் பார்த்தது. அடுத்த ஆண்டு பிபிசி கிரஃப்ட்ஸ் ஒளிபரப்பையே விட்டுவிட்டது.

எல்லாக் கோளாறும் துயரமில்லை. சிறிய மரபணு மாறுபாடு ஒன்றால் காவலியர்கள் பலவற்றுக்கு ரத்தத் தட்டுகள் எண்ணிக்கையில் குறைவாகவும் அளவில் பெரியதாகவும் இருக்கும். பரிசோதனை இயந்திரம் அளவைப் பார்த்து எண்ணுவதால் பெரிய தட்டைச் சிவப்பணு என்று நினைத்துவிடும். அறிக்கையில் வரும் எண் வீட்டுக்காரரைக் கதிகலங்க வைக்கும், நாய் பாட்டுக்கு பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்.

நார்வேயில் விஷயம் நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் காவலியரையும் இங்கிலீஷ் புல்டாக்கையும் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் காவலியர் விஷயத்தில் அதை உறுதிசெய்தது. வைத்திருப்பவர் வைத்திருக்கலாம், காவலியரோடு காவலியரைச் சேர்க்கக் கூடாது. வேறு இனத்தோடு முறையாகக் கலந்து நோயைக் குறைக்கலாம். கலந்தால் முகம் மாறுமே என்பது வளர்ப்பாளர்களின் கவலை. எனக்கு அவர்கள்மேல் அனுதாபம் உண்டு, ஆனால் வாதம் நிற்கவில்லை. ஒருமுறை பக்கைக் கலந்து மூக்கைத் தொலைத்த நாய் இது. தொலைத்த மூக்கை மீட்டுக் கொடுத்ததும் இலக்கணத்துக்குப் பொருந்தாத குட்டிகள்தான்.

கலக்காமலேயே முயன்ற நாடுகளும் உண்டு. சுவீடனில் ஸ்டெதஸ்கோப்பை நம்பி விதி செய்தார்கள். ஆண்டுகள் போயும் முணுமுணுப்பு குறையவில்லை. டென்மார்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒலியலைப் படமும் எடுத்து, வால்வு இதழ் எவ்வளவு பின்னுக்குப் பிதுங்குகிறது என்று அளந்து, தேறினால்தான் குட்டி போட அனுமதி என்று கட்டாயமாக்கினார்கள். முணுமுணுப்பு வருவதற்குப் பல காலம் முன்பே அந்தப் பிதுக்கம் தெரிந்துவிடும். எட்டுப் பத்து ஆண்டுகளில் முணுமுணுப்புக்கான அபாயம் 73 சதவீதம் குறைந்தது.

இந்தச் சோதனைக்கும் ஒரு மேசை உண்டு. நடுவில் கையகலத்துக்கு வெட்டிவிட்ட மேசை. நாயை வலப்பக்கமாகப் படுக்க வைத்து, கால்களை ஒருவர் மெல்லப் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அந்த ஓட்டை வழியாகக் கீழிருந்து கருவியை விலாவில் வைக்கிறார். இப்போது யாரும் மூக்கைப் பார்ப்பதில்லை. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு படம் அசைகிறது. இரண்டு வெள்ளைக் கோடுகள் திறந்து மூடுகின்றன. எங்கே வளைகின்றன, எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்க நாய் சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். அறையில் முன்பின் தெரியாத மூன்று பேர் நிற்கும்போது காவலியரின் வாலை நிறுத்துவதுதான் அங்கே கஷ்டமான வேலை.